ஆறு மணிக்கு மேல் என் நேரம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கழுத்து வலி குறைந்ததா? அத்தான் காலையில் நடக்கப் போகிறாரா, இல்லை நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு டீக்கடையோடு திரும்பிவிடுகிறாரா?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதித்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டாயே, அதன்படி இது முதல் கடிதம். இதிலும் ஒரு வசதி இருக்கிறது. நான் பேசும்போது நீ குறுக்கே விழ முடியாது.

என்ன காரியம் செய்துவிட்டாய் அக்கா! பிறந்தநாளுக்கு வழக்கம்போலச் சட்டை வரும் என்று பார்த்தால் போனில் பாட்டுக் கேட்கும் ஆப்பில் ஒரு கணக்கு வந்திருக்கிறது! மருமகள் சொன்ன பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவன் எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்காதே.

நான் இத்தனை வருடமாகச் சேர்த்தது ஆயிரத்து நூற்று நாற்பது. கேசட்டும் சிடியுமாக. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நோட்டில் எழுதி, தூசி தட்டி வைத்திருக்கிறேன். அறுநூற்றுப் பன்னிரண்டு எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அதில் ஒரு பாட்டுக்காக நான்கு பஸ் மாறிப் போயிருக்கிறேன். அதே பாட்டை இந்த ஆப்பில் தேடினேன். மூன்று எழுத்து அடிப்பதற்குள் வந்து நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை. நல்ல இடம் வரும்போது பாட்டு பட்டென்று நின்றுவிடுகிறது. லிப்ட் குழிக்குள் வேலை பார்ப்பதால் சிக்னல் போகிறது என்று நினைத்தேன். மொட்டை மாடிக்குப் போனாலும் நிற்கிறது. மருமகளிடம் கேட்டுச் சொல்.

உன் தம்பி,
ரேடியோ


பிப்ரவரி 17

அன்புள்ள ரேடியோவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் கழுத்து இருந்தபடியே இருக்கிறது. அத்தான் டீக்கடை வரைக்கும் நன்றாகவே நடக்கிறார்.

பாட்டு நிற்பதற்குச் சிக்னல் காரணம் இல்லை. நான்தான். அந்தக் கணக்கை நானும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பாட்டு ஓடுமாம். நான் இங்கே அமுக்கினால் உனக்கு நிற்கும், நீ அங்கே அமுக்கினால் எனக்கு நிற்கும். பதினைந்து நாளாக என் உயிரை வாங்கியது நீ என்று இப்போதுதான் தெரிந்தது. "பரிசு குடுத்தது மாமாவுக்கா, உனக்கா?" என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு வாய் நீளம். உன்னைக் கொண்டிருக்கிறாள்.

அதனால் பாகம் பிரித்துக்கொள்வோம். மாலை ஆறு மணி வரை எனக்கு. ஆறு மணிக்கு மேல் உனக்கு. எல்லை தாண்டக் கூடாது.

நான் என்ன கேட்கிறேன் என்று துருவாதே. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் போடும் சத்தத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று ஓடுகிறது, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல், எல்லாம் சரி. விஷயத்துக்கு வருகிறேன். பாகப்பிரிவினைக்குச் சம்மதம். ஆறு மணிக்கு மேல் என் நேரம். அதில் ஒரு நிமிடம் கைவைத்தாலும் பொல்லாதவனாகிவிடுவேன்.

இந்த ஆப் என்னைப் படித்துவிட்டது அக்கா! நான் விரும்புவேன் என்று அதுவே பாட்டு எடுத்துக் கொடுக்கிறது. நான் கேள்விப்படாத ஊர், கேள்விப்படாத பாஷை, கேட்டால் சிலிர்க்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். ஒரு பாட்டையும் நான் முழுதாகக் கேட்பதில்லை. அடுத்தது இன்னும் நன்றாக இருக்குமோ என்று கை பறக்கிறது. கேசட்டில் பிடிக்காத பாட்டையும் கேட்டே ஆக வேண்டும், அப்படிக் கேட்டுக் கேட்டே பிடித்துப்போகும். இப்போது என் பொறுமைக்கு ஆயுள் பத்து நொடி.

இன்னொன்று. எனக்கென்று அது போட்டுத் தரும் பட்டியலில் ஒரு வாரமாகப் பாடகரே இல்லை. எல்லாம் கரோக்கி. வெறும் தபேலா, வெறும் வயலின், பாடுகிற இடத்தில் காலி. அதிகம் கேட்ட பாட்டு எது என்று பார்த்தால் ஏதோ ஒரு கரோக்கி அறுபத்தோரு தடவை! நான் ஒரு தடவைகூடத் தொடவில்லை. உங்கள் வீட்டில் யார் பாடுகிறார்கள்? அத்தான் என்றால் உடனே சொல். அக்கம்பக்கத்தாரை நினைத்துக் கவலையாக இருக்கிறது.

ரேடியோ


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் இருமல் நின்றதா? லிப்ட் குழித் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது?

அத்தான் பாடவில்லை. அவர் பாடினால் நானே உனக்குத் தந்தி அடித்திருப்பேன். மகள் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ வேண்டும் என்று போட்டிருப்பாள். உன் பட்டியல் கெட்டுப்போனதற்கு வருந்துகிறேன்.

கடையில் வேலை அதிகம். முதலாளி மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை சாப்பிட்டுத் தூங்குவார். அந்த ஒரு மணி நேரம் நானும் மெஷினும்தான். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் பாடியதைப் பாட்டு டீச்சர் ஒரு கேசட்டில் எடுத்துக் கொடுத்தார் அல்லவா? வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். உன்னுடைய ஆயிரத்து நூற்று நாற்பதில் எங்காவது அது மாட்டிக்கொண்டிருக்கிறதா? அவசரமில்லை. சும்மா தோன்றியது.

அக்கா


மார்ச் 31

அக்கா! அக்கா! அக்கா!

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. அந்த அறுபத்தோரு தடவைப் பாட்டை (இப்போது நூற்றுப் பதினெட்டு!) நேற்று முதல் முறையாகத் தாண்டாமல் கேட்டேன். பத்து நொடி, இருபது நொடி, புல்லாங்குழல் வந்தது, வயலின் ஏறியது. லிப்டின் மேல் நின்றபடி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டேன். அது படகுப் பாட்டு! பதினைந்து வயதில் நீ பள்ளிக்கூடத்தில் பாடிய பாட்டு! கூட வேலை பார்க்கும் வெல்டர் கீழேயிருந்து கத்துகிறார்: "என்னய்யா, கொல்லப் பாக்குறியா?" நான் மேலேயிருந்து கத்துகிறேன்: "அண்ணே, எங்கக்கா பாடுறா!"

மகள் பள்ளிக்கூடமாம்! யாரிடம் காது குத்துகிறாய்? இரண்டிலிருந்து மூன்று வரை, மெஷினும் நீயும். எல்லாம் பட்டியலில் மணியோடு பதிவாகியிருக்கிறது. எதற்காகப் பாடுகிறாய்? எங்கே? எப்போது? மறைக்காமல் எழுது. எழுதாவிட்டால் சட்டத்தை மீறிப் போன் பண்ணுவேன்.

என் பங்குச் செய்தி: சேகரிப்பை வெல்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டில் இன்னும் கேசட்தான் ஓடுகிறது. இரண்டு ஆட்டோ நிறையப் போயிற்று. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அலமாரி காலியானதும் அறை பெரிதாகி, ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் மட்டும் கொடுக்கவில்லை.

நீ கேட்டதைத் தேடிப் பார்க்கிறேன்.

ரேடியோ


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? இங்கே நலம். கழுத்து வலியைக் காணோம், எங்கே போனது என்று தெரியவில்லை.

சரி, ஒத்துக்கொள்கிறேன். நான்தான். எங்கள் கட்டடத்தில் இருக்கும் கடைக்காரர்களின் ஆண்டுக் கூட்டம் மே 9, சனிக்கிழமை, மூன்றாவது மாடி ஹாலில். விருப்பமுள்ளவர்கள் பாடலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முதலாளி மதியம் ஒரு நாள் சீக்கிரம் எழுந்துவிட்டார். பின்னறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். "பேரைக் குடுத்துட்டேன்மா, திட்டாதே" என்றார். திட்டினேன். ஆனால் பேரை எடுக்கச் சொல்லவில்லை.

உனக்கு அப்போது பத்து வயது, எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. பாட்டு பாதியில் இருக்கும்போது மைக் நின்றது. பின்னால் வாசித்தவர்களும் நிறுத்தினார்கள். நானும் நின்றேன். யாரோ சிரித்தார்கள். மேடையிலிருந்து இறங்கி வீடுவரை ஓடினேன். அதற்குப் பிறகு சமையலறையில்கூட வாய் திறந்ததில்லை. இருபத்தாறு வருடம். எனக்குப் பரிசு வேண்டாம், கைதட்டல் வேண்டாம். அந்தப் பாட்டைக் கடைசி வரி வரைக்கும் ஒரே ஒரு தடவை ஆட்கள் முன்னால் பாடி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இப்போது முக்கியமான விஷயம். மகள் போனிலிருந்துதான் கரோக்கி ஓடும். நம்முடைய அதே கணக்கு. நேரம் ஆறிலிருந்து ஏழு. அது உன் நேரம் என்று தெரியும். அன்று ஒரு நாள் மட்டும், அந்த ஒரு மணி நேரம் மட்டும், எந்தப் பாட்டையும் தொடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மே 1

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பதில் காணோம். கடிதம் எழுதுவதில் என்னைவிட நீதானே வேகம்? வேலை அதிகமாக இருக்கும். போன் பண்ணலாமா என்று இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் பயந்து பேரை எடுத்துவிடுவேனோ என்று இருக்கிறது.

சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். மே 9, ஆறிலிருந்து ஏழு.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கடிதம் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். ஏப்ரல் 20 முதல் வெளியூரில் இருக்கிறேன். பதினான்கு மாடிக் கட்டடம், நான்கு லிப்ட், முதல் தடவையாக எல்லாப் பொறுப்பும் என்னுடையது! உன் பதில் வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்கும். 15ஆம் தேதி திரும்பியதும் படிக்கிறேன்.

நேற்று மாலை நான்காவது லிப்டும் ஓடியது. ஆட்களை ஏற்றி மேலே கீழே ஒரு ஆட்டம் போட்டுவிட்டு, ஆறு இருபதுக்கு மொட்டை மாடியில் கொண்டாட உட்கார்ந்தேன். போனை எடுத்தால் 'வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது' என்கிறது. பார்த்தால் உன் படகுப் பாட்டு! என் நேரத்தில்! சனிக்கிழமையும் ஒத்திகையா? விடுவேனா? என் பாட்டை அமுக்கினேன். நின்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடி நிறுத்தினாய். இப்படி நான்கு தடவை! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பத்து வயதில் ரிமோட்டுக்குச் சண்டை போட்டது போலவே இருந்தது. ஐந்தாவது தடவை நீ வரவில்லை. ஜெயித்துவிட்டேன்!

தோற்றவளுக்கு ஆறுதலாக வரும்போது ஏதாவது வாங்கி வருகிறேன். எதற்காகப் பாடுகிறாய் என்று மட்டும் சீக்கிரம் சொல். தலை வெடிக்கிறது.

வெற்றி பெற்ற,
ரேடியோ


மே 16

அக்கா,

நேற்று வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் இரண்டு கடிதம். நின்றபடியே படித்தேன், பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சட்டத்தை மீறி மூன்று தடவை போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. நான்காவது தடவை அத்தான் எடுத்தார். "அவ பேச மாட்டாளாம் மாப்ளே. எழுதச் சொல்றா" என்று வைத்துவிட்டார். என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை. அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

ஆறு இருபது. நான் சிரித்துக்கொண்டே அமுக்கினேன். நான்கு தடவை. அங்கே மேடையில் நீ நின்றிருந்தாய். என்னை என்ன சொல்லித் திட்டுவாயோ திட்டு. பாட்டை முன்கூட்டியே டவுன்லோட் பண்ணி வைத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது அக்கா! அதை உனக்கு நான் சொல்லித் தரவில்லையே!

இனி மறைப்பதற்கு எனக்கு முகம் இல்லை. அந்தக் கேசட் தொலையவில்லை. நான்தான் அழித்தேன். நீ ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்ட வாரம் எனக்கு ரேடியோக்காரர் மாதிரி செய்தி வாசித்து விளையாட ஒரு கேசட் தேவைப்பட்டது. கையில் கிடைத்ததைப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. அம்மா தொலைந்துவிட்டது என்று நினைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் நோட்டில் எண் முப்பத்தேழு, 'அக்கா' என்று எழுதியிருக்கிறது. தொடக்கத்தில் நீ மூச்சிழுக்கும் சத்தமும் முதல் சொல்லும் மட்டும்தான் மிச்சம். நான்கு நொடி. அந்த நான்கு நொடியை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எந்தப் பட்டியலிலும் பதிவாகவில்லை.

கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் பார்சலில் அனுப்புகிறேன். உடைக்க வேண்டும் என்றால் உடை. இரண்டு தடவை உன் பாட்டை நிறுத்தியவன் நான்.

தம்பி


மே 28

அன்புள்ள ரேடியோவுக்கு,

எல்லோரும் நலம். பார்சல் உடையாமல் வந்தது. நான் போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எதனால் என்று கேள்.

என் முறை வந்தது. மகள் அமுக்கினாள். பாட்டுத் தொடங்கியது, நான் முதல் சரணத்தில் இருந்தேன், பட்டென்று நின்றது. மகள் மறுபடி அமுக்கினாள். மறுபடி நின்றது. நான்காவது தடவை பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதே சிரிப்பு. வலது பக்கம் படிக்கட்டு இருந்தது, என் கால் அந்தப் பக்கம் திரும்பியதை நானே பார்த்தேன்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உன் முகம் தோன்றியது. இந்தத் தடியன் எங்கேயோ உட்கார்ந்து, என் நேரம் என் நேரம் என்று அமுக்கிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது பார், பயம் போன இடம் தெரியவில்லை! மகளிடம் வேண்டாம் என்று கை காட்டினேன். இசை இல்லாமலே தொடங்கினேன். வயலின் வரவேண்டிய இடத்தில் மனசுக்குள் வயலினை ஓட்டினேன். நூற்றுக்கணக்கான தடவை கேட்டதாயிற்றே, எங்கே போகும்? கடைசி வரி வரைக்கும் பாடினேன் தம்பி. பாடி முடித்தேன்! முதலாளி எழுந்து நின்று, "இன்னொரு தடவை" என்று கத்தினார். இன்னொரு தடவையும் பாடினேன். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் பாடினேன். தொண்டை போனது அப்படித்தான்.

கேசட் விஷயம். நீ அழித்தது எனக்கு அப்போதே தெரியும். மறு வாரமே நீ இல்லாத நேரம் போட்டுக் கேட்டேன். உள்ளே நீ செய்தி வாசிக்கிறாய். அம்மாவிடம் சொன்னால் உன் முதுகுத் தோல் உரிந்திருக்கும் என்று சொல்லவில்லை. அது மட்டும் காரணம் என்றால் பொய். நான் பாடியதற்குச் சாட்சி இல்லை என்று ஒரு நிம்மதி எனக்கு. அந்த நிம்மதிதான் இத்தனை வருடம் என் வாயைக் கட்டிப்போட்டது. உன்னால் இல்லை.

நீ வைத்திருக்கிறாயா என்று பார்க்கத்தான் மார்ச்சில் கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்று எழுதினாயே, அடேயப்பா!

கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் திருப்பி அனுப்புகிறேன். உன் செய்திகளை அழித்துவிட்டு அதன் மேல் பாடித் தரச் சொன்னாள் மகள். மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டேன். 'தலைப்புச் செய்திகள். இன்று எங்கள் அக்கா அழுதாள். காரணம் தெரியவில்லை. நாளை அழமாட்டாள் என்று எதிர்பார்க்கப்படுகிறது.' அதில் பத்து வயது நீ இருக்கிறாய். அதை எப்படி அழிப்பேன்?

மறுபக்கம் காலியாக இருந்தது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சரியாக மாலை ஆறு மணிக்குப் போட்டேன். புது நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் செய்திகள். அந்தப் பயல் வானிலை அறிக்கையில் மழை வரும் என்கிறான், அன்று மழை வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

மெஷின் சத்தம் கேட்கிறது. பதிவு பண்ணக் கடைக்கே கூட வந்தாரோ, அத்தான் இரண்டு தடவை இருமுகிறார். பிறகு நீ மூச்சிழுக்கும் சத்தம். அதே மூச்சு அக்கா. முதல் சொல் வந்ததும் எனக்குப் பழக்கதோஷத்தில் உடம்பு விறைத்தது, அடுத்து நான் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவேனோ என்று. வாசிக்கவில்லை. இரண்டாவது சொல் வந்தது. மூன்றாவது வந்தது. அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை. பத்து நொடி தாண்டியும் கை எதையும் அமுக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் யாரும் நிறுத்தவில்லை.

வெல்டரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "ஆயிரத்து நூத்தி நாப்பதைக் குடுத்துட்டு நல்லதை நீ வச்சுக்கிட்டியே" என்கிறார். நோட்டில் முப்பத்தேழுக்கு எதிரே இருந்த 'அக்கா' என்பதை அடிக்கவில்லை. பக்கத்தில் 'முழுதாக' என்று சேர்த்திருக்கிறேன்.

உன் தொண்டை முழுதும் சரியானதா? எழுத வேண்டாம், போன் பண்ணிச் சொல். சண்டை வந்தால் வரட்டும்.

கணக்கை இனி ஆறு மணிக்கு மேலும் நீயே வைத்துக்கொள். அந்த நேரத்தில் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது.

உன்,
ரேடியோ